ஊமைக் கணினிக்கு ஃபார்மேட் வேண்டாம்

நிஹால்,

கோஷரிச் சோறு மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடு.

மாலையில் ரிப்பேர்காரர் ஹம்தி என் கம்ப்யூட்டரைப் பார்க்க வருவார். நான் அப்டேட் செய்ததிலிருந்து அது ஊமை. பழைய சவுண்ட் கார்டுக்கு டிரைவர் தேடிக் கொண்டுவருகிறார். டீ கொடு, ஆனால் பக்கத்திலேயே நில். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: "இன்ஜினியரே, ஒரு ஃபார்மேட் போட்டா பளிச்னு ஆயிடும்."

நேற்று நீயும் அதைத்தான் சொன்னாய்: "எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா ஆரம்பிண்ணா." கோபமில்லை. இருவருக்கும் ஒரே பதில்: வேண்டாம்.

அண்ணன்

பி.கு.: சத்தம் வந்துவிட்டால் திடுக்கிடாதே. கணினியைப் போட்டதும் உன் அண்ணி நஜ்லா, "மறுபடி இந்தப் பெட்டி முன்னாடியா? மொதல்ல சாப்பிட்டியா?" என்று கேட்பாள். இறப்பதற்கு முன் விளையாட்டாக அவளே பேசித் தொடக்க ஒலியாக வைத்தது. ஃபார்மேட் போட்டால் அதுவும் போய்விடும்.

கேட்டால், சாப்பிட்டேன் என்று சொல்லிவிடு.