பொத்தான் மிர்சாவின் வண்டி

மே 19

காலையிலிருந்து தூறல். எங்கள் கூடாரத்தில் தங்கியிருக்கும் டச்சு டூரிஸ்டுகள் மூன்று தடவை சாய் கேட்டார்கள், மூன்று தடவையும் தட்டு நிறைய பொரித்த போர்சோக் மாவுருண்டைகளைத் தீர்த்தார்கள். இப்படித் தின்றால் மலை இவர்களை எப்படித் தாங்கும்?

மத்தியானம் சின்ன மிர்சா ஒரு சைக்கிளோடு வந்து நின்றான். என் வீட்டுக்காரரின் தம்பி. நான் மருமகளாக வந்த அன்று இவன் மூக்கொழுகிக்கொண்டு வாசலில் நின்றான். புகுந்த வீட்டு ஆண்கள் பெயரைச் சொல்லக் கூடாதே, ஆளுக்கொரு பெயர் வைத்தாக வேண்டுமே, மிர்சா என்று வைத்தேன். துரை என்று அர்த்தம். மூக்கு எப்போதோ நின்றுவிட்டது. துரைத்தனம் நிற்கவில்லை.

முழங்கால் போன ஒரு சுவிஸ் கிழவர் சைக்கிளை இவனிடமே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டாராம்.

"பாருங்க அண்ணி, முன்னாடி ஒரே ஒரு பல்சக்கரம்தான். கியர் பூரா மிதிக்கட்டை நடுவுல, இந்த டப்பாவுக்குள்ள இருக்கு. குதிகாலால இந்தப் பொத்தானத் தட்டினா ஏத்தத்துக்கு. அந்தப் பக்கத்தத் தட்டினா சமதரைக்கு."

"உள்ள கோழிக்குஞ்சா வெச்சிருக்க? கிறுக் கிறுக்குங்குது."

"சின்னச் சின்ன பல்சக்கரம் அண்ணி. சுத்திச் சுத்தி வரும்."

"உன்ன மாதிரியே. நாஸிரா வீட்டச் சுத்திச் சுத்தி."

காது சிவந்துவிட்டது. இன்றிலிருந்து பெயர் மாற்றம். பொத்தான் மிர்சா.

மே 23

தெருப் பிள்ளைகளே "பொத்தான் மிர்சா, பொத்தான் மிர்சா" என்று கத்துகிறார்கள். என் கைராசி.

ஜூன் 8

நீல ஏரி டூரிஸ்ட் கம்பெனி நடத்தும் வேராக்கா கராகோல் டவுனிலிருந்து வந்திருந்தாள். அடுத்த வருடம் கம்பெனிக்குப் பதினைந்து மலை சைக்கிள் வாங்கப் போகிறாளாம். எந்த மாதிரி என்று கேட்டதுதான் தாமதம், என் முற்றம் சந்தையாகிவிட்டது.

எசென் நம் பக்கத்துப் பையன்தான், அதே கம்பெனிக்கு வழிகாட்டி. தொப்பை உண்டு, மூளையும் உண்டு. அவன் சொன்னான்: "அந்த டப்பா கனம் அக்கா. மிதிக்கிற பலத்துல ஒரு பங்க அதுவே தின்னுடும். கெட்டுப்போனா இங்க யாரு பிரிப்பா? சாதாரண கியர்னா ஒரு குறடு போதும்."

பொத்தான் விடுவானா? "உன் சங்கிலியத் தூக்கிப் போடுற அந்தக் கவ்வி, முதல் பாறையிலேயே வளைஞ்சுடும். சேறு பட்டா அசையாது. போன வருஷம் ஓடையில எத்தன சங்கிலி அறுத்த? இது நின்ன எடத்துலயே கியர் மாறும். மேட்டுல நடுவழியில நின்னுட்டா, ஒரு தட்டு, மறுபடி ஏறலாம். டூரிஸ்ட் பாதிப் பேர் மேட்டுலதான் நிக்கிறான்."

வேராக்கா கேட்டுக்கொண்டே நான் புளிக்கவைத்த குதிரைப்பால் குமிஸை மூன்று கிண்ணம் குடித்தாள். பிறகு சொன்னாள்: "செப்டம்பர்ல ரெண்டு பேரும் என்கூட ஆக்-பெல் கணவாய் ஏறுங்க. எந்த வண்டி ஏறுதோ அதையே வாங்குறேன். ஓட்டினவன்தான் தலைமை வழிகாட்டி."

நாஸிரா பால் வாளியோடு வேலியோரம் நின்றிருந்தாள். அவள் அப்பா சொன்னது ஊருக்கே தெரியும்: வேலை முதலில், பெண் பிறகு. ஆகப் பையன் ஒரு டப்பாவை நம்பிக் கல்யாணத்தை வைத்திருக்கிறான்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஜூலை 11

டப்பாவுக்கு வைக்கும் மசகு தீர்ந்துவிட்டதாம். சுவிஸிலிருந்து வர வேண்டியது எல்லையில் எங்கோ கிடக்கிறது. பொத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். நான் ஆட்டு வால்கொழுப்பை உருக்கிக்கொண்டிருந்தேன்.

"இத வெய்யேன் மிர்சா. எங்கப்பா கொல்கோஸ் கூட்டுப்பண்ணை வண்டி அச்சுக்கெல்லாம் இதத்தான் வெப்பாரு. அவர் வண்டி கிறீச்சுன்னதே இல்ல."

"நெசமாவா அண்ணி?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். பொய்யும் இல்லை, அப்பா வைப்பார்தான். ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போனான். போகும்போது மோந்து பார்த்தான். ஐயோ, அந்த முகம்!

ஜூலை 13

டப்பாவில் கிறுக் சத்தமே இல்லையாம். வெண்ணெய் மாதிரி மாறுகிறதாம். முற்றத்தைப் பத்துச் சுற்று சுற்றிக் காட்டினான். "அண்ணி, நீங்க மெக்கானிக் ஆயிருக்கணும்!" என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான், கிறுக்கன். சைக்கிளிலிருந்து கறிச்சோறு வாசனை வருகிறது. நாய்கள் பின்னாலேயே ஓடுகின்றன.

ஆகஸ்ட் 4

எசென் சின்ன மலைக்குப் போய் முன்கவ்வி வளைந்து நடந்து வந்தான். பொத்தான் அவனைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டினான். எசென் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

ஆகஸ்ட் 30

பொத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இன்று என்னிடம், "அண்ணி, நான் தலைமை வழிகாட்டியானா அண்ணனோட குதிரையெல்லாம் எதுக்கு? வித்துடலாம். யாரு இப்போ குதிரையில போறா?" என்றான்.

வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் குதிரைகள்தான் இவனை வளர்த்தன. படிக்கவைத்தன. எனக்குச் சுருக்கென்றது. சிரித்துவைத்தேன்.

செப்டம்பர் 17

இன்றுதான் கணவாய்க்குப் புறப்பட்டார்கள்.

காலையில் முதல் உறைபனி. பாத்திரம் கழுவப் போனேன். நேற்றைய கொப்பரையின் விளிம்பில் கொழுப்பு வெள்ளைவெளேரென்று மெழுகாய் இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால்கூட வரவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. குளிர் தொடங்கினால் அப்பா அச்சுக் கொழுப்பை வழித்து எறிந்துவிடுவார். தார்தான் பூசுவார். கொழுப்பு கோடைக்கு மட்டும்.

சொல்லலாம் என்று முற்றத்துக்குப் போனேன். வேராக்காவும் எசெனும் நின்றிருந்தார்கள், நாஸிராகூட. பொத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணி, திரும்பி வர்றப்ப ஒரு கெழட்டுக் குதிரைய அடிச்சு விருந்து வையுங்க!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

நான் என்ன சொன்னேன்? "மிர்சா, வண்டிக்குச் சாப்பாடு போட்டியா?" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

போய்விட்டார்கள்.

எப்படியும் வெயில் ஏறும். ஏறினால் இளகிவிடும். இளகாதா?

செப்டம்பர் 18

மலைமேல் வெள்ளை. மேகமா, பனியா, இங்கிருந்து தெரியவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமலேயே குதிரைக்குச் சேணம் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 20

எசெனும் வேராக்காவும் கணவாய் தாண்டி அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இறங்கிவிட்டார்கள்.

பொத்தானின் டப்பா கடைசி மேட்டில் நின்றுவிட்டதாம். ஏத்தத்துக்கும் போகவில்லை, சமதரைக்கும் போகவில்லை, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மிதித்தால் காலடியில் சும்மா சுற்றியது. வேராக்கா, "வண்டிய விடு, என்கூட நட"ன்னு கெஞ்சியிருக்கிறாள். "நீங்க போங்க, சரிபண்ணிட்டு வந்துடுறேன்"னு இவன். டப்பாவின் பொத்தானைக் கையால் நன்றாகத் தட்டப் பனியில் கையுறையைக் கழற்றியிருக்கிறான். அதைக் காற்று கொண்டுபோய்விட்டது. வீட்டுக்காரர் போய்ச் சேரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கிவந்தானாம். கை கம்பியில் ஒட்டிப்போயிருந்தது.

ஏன்டா விடல? ஒரு இரும்பத்தானடா, ஏன் விடல?

செப்டம்பர் 27

இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுபோனேன். நான் அழக் கூடாது என்று, "எட்டு இருக்குல்ல மிர்சா, பொத்தான அழுத்தக் காலுதானே வேணும்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை.

பிறகு கேட்டான். "அண்ணி, உங்கப்பா குளிர்காலத்துலயும் வால்கொழுப்புதானா வெப்பாரு?"

"வருஷம் பூரா அதான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சூப்பை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"அப்போ கொழுப்பு மேல குத்தம் இல்ல. டப்பாதான் உருப்படாதது" என்றான்.

"அதத்தான எசென் அன்னைக்கே சொன்னான்" என்றேன். இதையும் நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 3

வேராக்கா ஆஸ்பத்திரிக்கே வந்து அவன் கருத்தைக் கேட்டாளாம். நல்லவள். ஒரு தடவை கெட்டதால் மட்டும் தள்ள மாட்டேன், நீயே சொல்லு என்றாளாம். இவன், "நம்ம மலைக்கு ஒத்துவராது, வேண்டாம்" என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டான். பதினைந்தும் சாதாரண கியர்.

தலைமை வழிகாட்டி எசென்.

அக்டோபர் 21

நாஸிராவின் அப்பா கடைவீதியில் என்னைப் பார்த்துச் சலாம் சொன்னார், நிற்கவில்லை.

டிசம்பர் 9

பொத்தான் அண்ணனோடு குதிரை மேய்க்கிறான். கடிவாளம் பிடிக்க எட்டு விரல் போதும். வீட்டில் பேச்சு கம்மி. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா?

ஜனவரி 15

கொட்டகையில் கிடந்த சைக்கிளை இன்று உள்ளே கொண்டுவந்தான். விற்கப் போகிறானாம், துடைக்க வேண்டுமாம். அடுப்புப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு சாய் குடித்தான். நான் மாவு உருட்டிக்கொண்டிருந்தேன். குளிரில் கிடந்த இரும்பு முதலில் வேர்த்தது. பிறகு டப்பாவிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கறி வாசனை.

அவன் எழுந்துபோய்ப் பொத்தானைக் கையால் அழுத்தினான்.

டக்.

அந்தப் பக்கம். டக்.

மிதிக்கட்டையைச் சுற்றினான். பின்சக்கரம் சர்ரென்று சுழன்றது. மறுபடி டக். மறுபடி டக். வெண்ணெய் மாதிரி. ஒரு பல்லும் உடையவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே தட்டிக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை. நான் மாவை உருட்டினேன். உருண்டையெல்லாம் ஒன்றுக்கொன்று சேராமல் பெரிதும் சிறிதுமாய் வந்தன. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். இவன் தலை திரும்பாமல் கேட்டான். "அண்ணா, அண்ணியோட அப்பா குளிர்ல வண்டி அச்சுக்கு என்ன வெப்பாரு, ஞாபகம் இருக்கா?"

"தாருதான். எங்க கல்யாணத்துக்கு அந்த வண்டியில ஏறி வந்தேனே, தார் ஒட்டி என் நல்ல கால்சட்டையே போச்சு" என்று சிரித்தார் அவர்.

"ஓ" என்றான் மிர்சா.

ஜனவரி 16

ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டினால் தேவலை.

மார்ச் 2

எசெனுக்கும் நாஸிராவுக்கும் நிச்சயம். நாஸிராவின் அம்மா எனக்கு ஒன்றுவிட்ட அக்கா, போகாமல் இருக்க முடியாது. இவன் வர மாட்டான் என்று நினைத்தேன். தலை வாரி, சுத்தமான சட்டை போட்டு, எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தான். எசெனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். நாஸிரா நிமிரவில்லை.

ஈரலும் வால்கொழுப்பும் தட்டில் வந்தன. அதைத் தின்றால்தான் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள், மீசையில் பூசினார்கள், ஒரே கூத்து. எசெனின் அப்பா தட்டை எங்கள் வரிசைக்குத் தள்ளிவிட்டு, "பொத்தான் மிர்சா! உன் அண்ணிக்கு ஊட்டுடா! இந்த ஊர்ல அவங்கள மாதிரி சிரிக்கவெக்கிறவங்க யாரு?" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

அவன் எழுந்து வந்து என் முன்னால் முழந்தாளிட்டான். வலது கை இருக்கும்போது இடது கையால்தான் எடுத்தான். மீதி இருக்கும் விரல்களால் ஒரு பெரிய வெள்ளைத் துண்டு. ஆறிப்போய் இறுகியிருந்தது. வாய்க்குள் வைத்தான்.

"மெதுவா மெல்லுங்க அண்ணி" என்றான். மரியாதையாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "கொஞ்சம் சூடு பட்டா இளகிடும்."

சுற்றி எல்லோரும் என் கேலிக்காகக் காத்திருந்தார்கள். வாய் நிறைய இருந்தது. அவன் எழுந்து போகாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மென்றேன்.