ஏழெட்டு முருகன்களுக்கு நடுவே என் போன்

கவரைப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நந்தினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீ நம்ப மாட்டாய், அதனால் இன்னொரு தரம் எழுதுகிறேன், நன்றாக இருக்கிறேன், கை கால் எல்லாம் அதது அதன் இடத்தில் இருக்கிறது, காலையில்தான் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்து முக்கால்வாசியை நானே தின்றேன். நீயும் அந்த ஜப்பான் நகோயாவில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று சிறுவாபுரி முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த முருகன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு, ஏன் என்று பிறகு சொல்கிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுகிறாயா? நான் வாயைத் திறந்ததும் அழ ஆரம்பிக்கிறாய், அழுகை நின்றதும் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய், வேண்டாம் என்றால் மறுபடியும் அழுகை. கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது பார். உன்னோடு இங்கே வேலை பார்த்த ஜெயராஜ் வியாழக்கிழமை அந்த ஊருக்குக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இதைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் உன் மேனேஜரிடம் ராஜினாமா, அது இது என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது, உன் நைனா மேல் ஆணை.

அன்றைக்கு நடந்தது என்ன என்பதை நீ முழுசாகக் கேட்கவே இல்லை, முதலில் இருந்து சொல்கிறேன். எங்கள் கும்மிடிப்பூண்டி மூடி கம்பெனியில் போனை உள்ளே விட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற இடத்தில் போனால் என்ன கெட்டுப்போகும் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை, சரி, சட்டம் என்றால் சட்டம். முன்பு கேட்டில் மர அலமாரி இருந்தது, ஆளுக்கொரு அறை. போன மழையில் அது ஊறி உளுத்துப் போனதும் செக்யூரிட்டி செங்கல்வராயன் அண்ணன் தன் ஊர் பழவேற்காட்டிலிருந்து இறால் போடுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து எல்லார் போனும் அதில்தான் ஒன்றாகக் கிடக்கிறது, காதில் வைத்தால் இறால் வாசம். எல்லாமே கறுப்பு, எல்லாமே ஒரே அளவு. எது யாருடையது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிற பட்டனை அமுக்கி, பூட்டின திரையில் என்ன படம் என்று பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு படம். சந்திரமோகன் தன் எருமையை வைத்திருக்கிறான். முத்தம்மாள் ரேஷன் கார்டையே படம் பிடித்து வைத்திருக்கிறாள், தொலைந்தால் எடுத்தவன் விலாசம் பார்த்து வீட்டுக்கே வந்து கொடுக்கட்டும் என்று. நான் நீ பட்டம் வாங்கின படத்தை வைத்திருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்து, இந்தப் பொண்ணு யாரூட்டுதும்மா, வந்து வாங்கிக்கினு போங்கோ என்று கூவுவார், நானும் ராணி மாதிரி போய் வாங்குவேன். அந்த கேட்டிலேயே உனக்கு வரன்கூட வந்தது, ஒன்று லாரி ஷெட் வைத்திருக்கிறவர்கள், நல்ல இடம், சரி விடு. அதைக் கேள்விப்பட்டு நீ என்ன குதி குதித்தாய்! என் மூஞ்சியை ஊருக்கெல்லாம் காட்டாதே, உடனே எடு என்றாய். எடுத்தேன். எடுத்துவிட்டு நம்ம சிறுவாபுரி முருகனை வைத்தேன். அங்கேதான் வந்தது வினை.

சொந்த வீடு வேண்டும் என்று ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரிக்குப் போகாதவர்கள் எங்கள் கம்பெனியில் யார் இருக்கிறார்கள் சொல்லு. நான் முருகனை வைத்த பிறகுதான் தெரிந்தது, பெட்டிக்குள் ஏற்கெனவே ஏழெட்டு முருகன், எல்லாம் அதே வெள்ளி வேல், அதே ரோஜா மாலை. போன வாரம் குப்புராஜ் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பர்மிஷன் போட்டுவிட்டு நடுவில் கிளம்பியிருக்கிறான். முருகன் படம்ணா, சீக்கிரம் குடுண்ணா, பஸ்ஸு பூடும் என்று அவசரப்படுத்தியிருக்கிறான். அண்ணன் ஒவ்வொரு முருகனாக எடுத்து அமுக்கிப் பார்த்திருக்கிறார். என் போன் கிழட்டுப் போன் இல்லையா, அமுக்கினால் உடனே வெளிச்சம் வராது, யோசித்துத்தான் வரும். இவர் பொறுமை இல்லாமல் டக்கு டக்கு டக்கு என்று விடாமல் அமுக்கியிருக்கிறார். அந்தப் பட்டனை ஐந்து தரம் சேர்ந்தாற்போல் அமுக்கினால் அம்மா ஆபத்தில் இருக்கிறாள் என்று இடத்தோடு சேர்த்து உனக்குச் செய்தி போகும்படி, நீ விமானம் ஏறுகிற அன்று மீனம்பாக்கத்து வாசலில் நின்றபடி செய்து கொடுத்துவிட்டுப் போனாயே, அது அவருக்கு எப்படித் தெரியும்? செய்தி போவதற்கு முன்னால் போன் கீ கீ என்று கத்தி எச்சரித்துக்கூட இருக்கிறது. யாருதோ அலாரம் அடிக்குதுபா என்று அண்ணன் தன் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார், மகானுபாவர்.

அதற்கப்புறம் நீ பட்ட பாடு கொஞ்சமா கண்ணு. திருப்பித் திருப்பி அடித்திருக்கிறாய், துண்டுக்கடியில் முருகன்தான் மினுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார், எடுக்க ஆள் இல்லை. நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றைக்கு நீ பரீட்சை ஹாலில் இருந்தாய், உன் போன் வெளியே பைக்குள் கிடந்தது. அதை நீ இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஐந்து அமுக்கு ஏற்பாடே அதற்குத்தானே. மெஷினை விட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுத உனக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தாளாமே அந்த சூப்பர்வைசர் அம்மாள், அந்த மகராசிக்கு என் கும்பிடு சொல்.

ஆனால் நீ அழுததோடு நிற்கவில்லை, இங்கே இருக்கிற எல்லாருக்கும் போன் போட்டாய் பார், அதன் பிறகு கேட்டில் நடந்த கூத்தைத்தான் நீ கேட்க மாட்டேன் என்கிறாய். நம்ம ஊர் ஸ்டேஷன் பக்கத்தில் நாஷ்டா கடை போட்டிருக்கிற நம்ம தமிழ்செல்வி, கல்லில் ஊற்றின தோசையை அப்படியே விட்டுவிட்டு, தோசைத் திருப்பியும் கையுமாக கணேசன் ஆட்டோவில் ஏறி கும்மிடிப்பூண்டி வந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்கெனவே இருந்த சவாரி இரண்டு பேரும் இறங்கவே இல்லையாம், நாங்களும் வரோம், ஒத்தாசைக்கு ஆளு கீறது நல்லது என்று கூடவே வந்துவிட்டார்கள், அவர்கள் யார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. தமிழ்செல்வி வந்த வேகத்தில் கேட்டைப் பிடித்து உலுக்கி, யோவ், உள்ள எங்க அக்காவுக்கு இன்னாமோ ஆயிடுச்சு, நீ இன்னா சேர்ல குந்திக்கினு கீற, தொறய்யா என்று கத்த, அண்ணன் பயந்து போய், எம்மா, அந்தம்மா இப்பத்தான் டிபன் பாக்ஸ எடுத்துக்கினு கேன்டீனுக்குப் போச்சு, அதுக்கு ஒண்ணியும் இல்ல என்றாராம். ஒண்ணியும் இல்லன்னா என் கண்ணு முன்னால கொணாந்து நிறுத்து என்று இவள் திருப்பியை நீட்டியிருக்கிறாள். நான் எலுமிச்சம்பழச் சாதம் தின்ற கையோடு ஓடி வந்தேன். என்னைப் பார்த்ததும் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இப்டி பேஜாரு பண்றியேக்கா, உன் பொண்ணு அங்க உசுரக் கையில புடிச்சிக்கினு கீது என்று ஓவென்று அழுதாள், சேலை மேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டெல்லாம் தோசை மாவு. எல்லாம் தெளிந்து நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மணவாள நகரிலிருந்து குணசுந்தரி சித்தியும் சபரிநாதன் சித்தப்பாவும் பைக்கில் வந்து இறங்கினார்கள். திருவள்ளூரிலிருந்து அத்தனை தூரம் வெயிலில். சித்தி காலில் ஒரு செருப்பு அவளுடையது, ஒரு செருப்பு சித்தப்பாவுடையது. கையில் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமே என்று பிளாஸ்க்கும் போர்வையும். நான் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, இதுக்காடி நான் அடுப்புல உலைய வெச்சிட்டு வந்தேன் என்று திட்டிவிட்டு, அவளும் ஒரு டீ வாங்கிக் குடித்தாள்.

இன்றைக்கு மத்தியானம் நானும் தமிழ்செல்வியும் உட்கார்ந்து போனைச் சரிப்படுத்தினோம். சும்மா சொல்லக் கூடாது, இத்தனூண்டு போனுக்குள் எத்தனை சங்கதி. அந்தப் பட்டனை இரண்டு தரம் அமுக்கினால் கேமரா திறந்துவிடுமாம், படப்பெட்டியைத் திறந்தால் ஒரே இருட்டுப் படங்கள், எல்லாம் இறால் பெட்டியின் உள்புறம், நடுநடுவே அண்ணனுடைய மூக்கு. அதை நிறுத்தினோம். திரையைத் தட்டினால் விழித்துக்கொள்வதை நிறுத்தினோம். பைக்குள் இருக்கும்போது தானாக எதையும் தொடாமல் இருக்க ஒன்று இருக்கிறது, அதைப் போட்டோம். ஐந்து அமுக்கை மட்டும் நிறுத்தவில்லை, அது இருக்கட்டும், என்றைக்காவது நிஜமாகவே வேண்டியிருக்கும், அதற்குப் பதில் கடைசியில் திரையில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால்தான் போகும்படி மாற்றிவிட்டோம். சரியாக வருகிறதா என்று பார்க்கப் போய் தமிழ்செல்வி பிடித்துத் தொலைத்தாள், செய்தி சித்திக்குப் போய்விட்டது. சித்தி உடனே கூப்பிட்டு, இந்த வாட்டி பிளாஸ்க்கு மட்டும் போதுமா, போர்வையும் எத்துக்கினு வரட்டா என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

செய்தி ஏன் சித்திக்குப் போனது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஆபத்துக்குக் கூப்பிடுகிற இடத்தில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது நந்தினி. அதை எடுத்துவிட்டேன். இப்போது அங்கே தமிழ்செல்வி, சித்தி, கணேசன். கோபித்துக்கொள்ளாதே. எடுக்கட்டுமா என்று போன் திருப்பிக் கேட்டபோது என் விரல் போகவில்லை. தமிழ்செல்வி, குடுக்கா நான் அமுக்கறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லி நானே அமுக்கினேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை என்ன செய்ய முடியும், மாடிப்படியில் உட்கார்ந்து அழத்தான் முடியும். நைனா விழுந்த அன்றைக்கு உன் போன் பைக்குள் இல்லாமல் உன் காதிலேயே இருந்திருந்தாலும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். உன் தப்பு அதில் ஒன்றும் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அம்மா தனியாக இருக்கிறாள், தனியாக இருக்கிறாள் என்று போனில் அதையே சொல்கிறாய். நானும் ராத்திரியில் சில நேரம் அப்படி நினைத்ததுண்டு, பொய் சொல்லவில்லை. தப்பாகப் போன ஒரு செய்திக்கு வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேட்டில் டீ குடிக்கும்போது சித்தப்பா ஒரு படம் எடுத்தார். அதைத்தான் இப்போது பூட்டின திரையில் வைத்திருக்கிறேன். எங்களோடு இறால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு செங்கல்வராயன் அண்ணனும் நிற்கிறார். இனிமே உன் போன அமுக்கித் தேட வேணாம்மா, என் மூஞ்சி எனக்குத் தெரியாதா என்று அவருக்கு ஏக சந்தோஷம். அதையே ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பயம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார். பார்த்த பிறகும் வரத்தான் வேண்டும் என்று தோன்றினால் தீபாவளிக்கு லீவு போட்டுக்கொண்டு வா, தின்றுவிட்டுத் திரும்பிப் போகிற மாதிரி வா.

பொட்டலத்தில் பருப்புப் பொடி, கூழ் வடகம், சுக்கு இருக்கிறது. கருவாடு கேட்டிருந்தாய், சட்டையெல்லாம் நாறும் என்று ஜெயராஜ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. எடுத்த காரியத்தில் நீ நன்றாக வர வேண்டும், நைனாவும் முருகனும் உன் கூடவே இருப்பார்கள், அந்த ஏழெட்டு முருகனும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. இனி என் நம்பரிலிருந்து உனக்கு போன் வந்தால் பதறாமல் எடு, என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்கத்தான் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
புவனேஸ்வரி