முதல் நாடு வானகரம்

மே 11, ஞாயிறு

பை வந்துவிட்டது. நாற்பத்தைந்து லிட்டர். முதுகில் மாட்டுகிற பையை எதற்கு லிட்டரில் அளக்கிறார்கள் என்று எனக்கும் தெரியவில்லை. அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, லாரித் தண்ணி புடிக்கவா?" என்று கேட்டாள்.

இதற்குள் அடங்குகிற துணியோடு ஒரு வருடம் தனியாக உலகம் சுற்றப் போகிறேன் என்று ஒருவழியாக வீட்டில் சொல்லிவிட்டேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருடமாக போல்ட்டுகளைக் கையில் எடுத்து, இது தேறும், இது தேறாது என்று சொல்கிற உத்தியோகம். அப்பா என்னைப் பற்றி அதே பாணியில் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார். இன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அதை வாசித்தும் காட்டினார்: "ஆவடி மார்க்கெட்டுக்கு அனுப்புனா கொத்தமல்லிய மறந்துட்டு வர்றவ நீ. உலகத்த சுத்திட்டு ஊடு வந்து சேந்துருவியா?"

கொத்தமல்லி விஷயம் உண்மைதான்.

மே 18

கையில் இருக்கிற சேமிப்புக்கு உலகம் எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்தேன். எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல் கட்டில், ஒரு வேளை சமையல், ஒரு வேளை வாழைப்பழம் என்றால் ஒரு வருடம் வரும். மனிதர்களைப் போல வாழ்ந்தால் ஜூன் வரைக்கும் வரும்.

நம் பாஸ்போர்ட்டைப் பார்த்து விசா கேட்காமல் கதவைத் திறக்கிற நாடுகளை வரைபடத்தில் குறித்தேன். பெரும்பாலும் தீவுகள். கடல் மட்டம் உயர்ந்தால் அதுவும் இல்லை. ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவித் தாவிப் போகவேண்டியிருக்கிறது. உலகம் சுற்றுவதாகத் தெரியவில்லை, பாண்டி ஆடுவதாகத்தான் தெரிகிறது.

ஹெலினாவிடம் காட்டினேன். எங்கள் ஆபீசில் என் பக்கத்து மேசை, வீடு வானகரத்தில். "நீ போறியோ இல்லியோ, எங்க அத்தை உன் பேர்ல ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள். நல்லது. என் வீட்டில் ஆரம்பித்திருப்பது வேறு மாதிரி ஜெபம்.

ஜூன் 8

டிக்கெட் போட்டாயிற்று! ஜூலை 31, கோலாலம்பூர். ஒருவழி. சலுகை விலை. சலுகை என்றால் ஏழு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, பணம் திரும்பாது, தேதி மாறாது, சிரித்தால் மட்டும் தனிக் காசு இல்லை.

தைரியமாக பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அப்பா தண்ணீர் எடுக்க வந்தவர் அதை முழுசாகப் படித்தார். கதவைச் சாத்தினார். மறுபடி திறந்தார். தண்ணீர் எடுக்க மறந்திருந்தார்.

ஜூன் 15

அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. பேசுவதெல்லாம் அம்மா வழியாக. "வசந்தா, அவளுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு." அவருக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு சட்னிக் கிண்ணம்.

"வேணாம்னு சொல்லும்மா" என்றேன் நானும். அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, யாருக்கும் கொடுக்காமல் அந்தத் தோசையைத் தானே சாப்பிட்டாள்.

ஜூன் 30

ராஜினாமா. மேனேஜர் கேட்டார், "கல்யாணமாம்மா?" இல்லை சார். "உடம்புக்கு ஏதாச்சும்?" இல்லை சார். மூன்றாவதாக ஒரு காரணம் அவருடைய அகராதியில் இல்லை. 'சொந்தக் காரணம்' என்று அவரே எழுதிக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கு ஊர்க் கூட்டம். ஆடித் திருவிழாவுக்கு நாள் குறித்துவிட்டு அப்பா வந்தார். வருகிறபோதே வாசலில் செருப்பைக் கழற்றியபடி சத்தமாகச் சொன்னார்: "வசந்தா, இருபத்தி ஏழு சாயந்தரம் காப்பு. பத்து நாள். அவகிட்ட சொல்லிடு."

கோவில்பதாகையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பொன்னியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கும் வரை ஊர்க்காரர்கள் யாரும் எல்லைக்கு வெளியே இராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ராத்திரி எல்லைக்குள் வந்து படுக்கவேண்டும். முதல் காப்பு தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு. இப்போது மணவாளன் அவர்களின், அதாவது அப்பாவின், வலது கை. அந்தக் கையில் கயிறு ஏறிய பிறகுதான் மற்ற எல்லாருக்கும்.

எனக்கு நினைவு தெரிந்து ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் காப்பு கட்டியதே கிடையாது. இந்த வருடம் மட்டும் அம்மனுக்கு அவ்வளவு அவசரம். எப்படித் தெரிந்தது அம்மனுக்கு? பிரிட்ஜ் கதவைப் பார்த்திருப்பாளோ?

ஜூலை 7

கோலாலம்பூர் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்ப முடியுமா என்று தேடிப் பார்த்தேன். முடியும். ஆனால் அதற்குப் பெயர் உலகப் பயணம் இல்லை.

ஜூலை 13

சண்டை. பெரிய சண்டை. வேணும்னேதானே நாள் வெச்சீங்கன்னு கேட்டேன், மூஞ்சிக்கு நேரா. அம்மா வழியா இல்ல. கூட்டத்துல நாலு பேரு சேந்து வெச்ச நாளுன்னு அம்மாகிட்ட சொல்றாரு. நாலு பேரு! அந்த நாலு பேரும் இவரு தும்முனா கைக்குட்டை எடுக்கிறவங்க. டில்லிபாபு மாமா, அதான் கமிட்டிப் பொருளாளர், சமாதானத்துக்கு வந்தார். "பாப்பா, அடுத்த மாசம் பிளேன் ஓடாதா?" என்றார். ஓடும் மாமா. என் காசுதான் ஓடாது.

எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா? தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் எல்லாரும் ஊட்டிக்குப் போனபோது காப்பு நாள் என்று நான் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, நானேதான் பெயர் கொடுக்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி நான் கிளம்பிப் போனால் அம்மன் என்ன செய்வாள் என்ற பயம் அவ்வளவாக இல்லை. முதல் காப்பு கட்டிய மனுஷன் பெண்ணே தாண்டிவிட்டாள் என்று அந்தக் கையைப் பார்த்து ஊர் பேசும். அது வேண்டாம். அவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அது வேண்டாம்.

அதற்காகப் போகாமல் இருக்கவும் முடியாது. இப்போது போகாவிட்டால் இனி எப்போதும் போகமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஜூலை 20

ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ தெருத் தெருவாகக் காப்பு அறிவிப்பு சொல்லிக்கொண்டு போகிறது. புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். அவர்கள் தினமும் எல்லை தாண்டிப் போய் விடிய விடிய வேலை பார்க்கிறார்கள். அம்மன் அவர்களை ஒன்றும் கேட்பதில்லை. மெயின்டனன்ஸ் ஒழுங்காகக் கட்டினால் போதும் போலிருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

அம்மா மிக்ஸியைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என் காதருகே வந்து சொன்னாள்: "காப்பு கட்ற நேரத்துல ஊருக்குள்ள கீறவங்களுக்குத்தான்டி கட்டு. கட்றதுக்கு முன்னாடியே எல்லைய தாண்டிட்டா ஒண்ணும் இல்ல. எங்க சின்னம்மா அப்டிதான் பிரசவத்துக்குப் போச்சு."

இதைப் பதினெட்டு நாளாக ஏன் சொல்லவில்லை? "நீ நெஜமாவே போவியான்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். மிக்ஸியில் ஒன்றுமே இல்லை. காலி ஜாரை ஓட்டியிருக்கிறாள்.

ஹெலினாவுக்குப் போன் செய்தேன். ஞாயிறு முதல் வியாழன் வரை அவள் வீட்டில். ஆக, என் உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் நாடு வானகரம். விசா தேவையில்லை. மொழிப் பிரச்சினை இல்லை. ஷேர் ஆட்டோ வசதி உண்டு.

ஜூலை 27, ஞாயிறு. வானகரம்

காலையிலேயே கிளம்பச் சொன்னாள் அம்மா. நான்தான் கிளம்பவில்லை. அப்பா விடியும்போதே கோவிலுக்குப் போய்விட்டார். மதியம் சாப்பிட வருவார், போய்வா என்று ஒரு வார்த்தை, அதையும் அம்மா வழியாகத்தான், சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன். நாலு மணி வரைக்கும். அவர் வரவில்லை. அம்மாவும் பூத்தட்டோடு கோவிலுக்குப் போய்விட்டாள். கதவைப் பூட்டி, சாவியை மீட்டர் பெட்டியில் வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் நகரவில்லை. நடுரோட்டில் திருவிழாவுக்கு சீரியல் லைட் வளைவு நிறுத்துகிறார்கள். அம்மனே ஆள் வைத்து மறித்த மாதிரி இருந்தது. போன் அடித்தது. அம்மா.

"எங்கடி கீற?"

"பஸ்லதாம்மா. வளைவு கட்றாங்க, ஒரு வண்டியும் நவுரல."

"எல்லைய தாண்டிட்டியா?"

"எல்லை எதும்மா?"

"பழைய பனமரம்."

"அத வெட்டி எவ்ளோ வருஷம் ஆச்சு!"

"இப்ப அங்க டயர் கடை கீது. எறங்கி ஓடுடி. பூசாரி கயிறோட நிக்கிறாரு, பம்பக்காரங்க நிக்கிறாங்க, ஊரே நிக்குது. உங்கப்பா கைய நீட்ட மாட்டேன்றாரு."

"இன்னாது?"

"கைய பின்னால கட்டிகினு, இரு இருன்றாரு. நல்ல நேரம் போவுதுன்னு டில்லிபாபு அண்ணன் கத்துறாரு. இவரு என்னப் பாத்து, அவ போய்ட்டாளான்னு கேளுன்றாரு."

இறங்கினேன். ஓடினேன். ஏழு கிலோ என்று வீட்டுத் தராசு சொன்ன பை முதுகில் எழுபதாக ஆடியது. வளைவுக்கு அடியில் குனிந்து, மாட்டுக்கு வழிவிட்டு, டயர் கடை முன்னால் போய் நின்றேன். "இன்னாமா, பஞ்சரா?" என்றான் கடைக்காரன். எல்லை கடையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவனிடம் எப்படிக் கேட்பது? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் நாலு கடை தள்ளிப் போனேன்.

போனில் இப்போது வேறு குரல்.

"தாண்டிட்டியா?"

ஜூன் எட்டுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"தாண்டிட்டேம்பா."

"டயர் கடையா, அதுக்கு அப்பாலயா?"

"அப்பால. பரோட்டா கடைகிட்ட நிக்கிறேன்."

"சரி."

வைக்கவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் பம்பை எழும்பியது. ஊரே குலவை போட்டது. நாள் குறித்தவரும் அவர்தான், கையைக் கட்டிக்கொண்டு நேரத்தை நிறுத்தி வைத்தவரும் அவர்தான். நான் பரோட்டா கடை வாசலில் நின்று அழுதேன். மாஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "எந்த ஊர் போறீங்க?" என்றார். வானகரம் என்றேன். இவ்வளவு பெரிய பையோடு, இவ்வளவு அழுகையோடு வானகரம் போகிறவளை அவர் பார்த்திருக்கமாட்டார்.

ஜூலை 30

ஹெலினாவின் மாமியார் என் பைக்குள் ஒரு மாதா படம் வைத்துவிட்டார். அம்மா கொடுத்தனுப்பிய குங்குமம் ஏற்கெனவே இருக்கிறது. ஏழு கிலோவுக்குள் இரண்டு பேரும் அனுசரித்துப் போகவேண்டும்.

ஆகஸ்ட் 5. கோலாலம்பூர்

மேல் கட்டில். கீழே படுப்பவள் குறட்டைவிடுகிறாள். விடுதிச் சமையலறையில் ரசம் வைத்தேன்.

அப்பா போன் செய்தார். நேற்றும் செய்தார், முந்தாநாளும். அம்மா பின்னாலிருந்து கத்துகிறாள்: "துணி காயிதான்னு கேளுங்க." அவர் கேட்கவில்லை. அவருக்கு வேறு கேள்வி இருந்தது.

"இன்னா சாப்ட்ட?"

"ரசம் வெச்சேம்பா."

"கொத்தமல்லி போட்டியா?"

போட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு மார்க்கெட் போனால் வாங்கவேண்டும்.