கண்ணாடி அறை நாற்காலி

5 பிப்ரவரி 2001, திங்கள்

இன்றைக்கும் பகல் முழுக்க, தறியில் டிசைன் விழுவதற்கான அட்டையில் ஓட்டை குத்துவதுதான். கிராஃப் தாளில் சிவப்புக் கட்டம் வந்தால் ஒரு ஓட்டை, வெள்ளை வந்தால் விடு. கட்டைவிரல் வீங்கிவிட்டது. ராஜவேலு அண்ணன் டிசைன் கடையில் பின்கட்டு எங்களுக்கு, அட்டை குத்துகிற பெண்களுக்கு. முன்பக்கம் கண்ணாடி அறை. அங்கே ஏசி, கம்ப்யூட்டர், அதில் டிசைன் போடும் லக்ஷணா அக்கா. முன்பெல்லாம் தாளில் வரைந்தார்கள். இப்போது சேலையின் கரையும் முந்தியும் அந்த அறையில்தான் பிறக்கின்றன. நாங்கள் ஓட்டை போடுவதோடு சரி.

"அங்கயே பாத்துக்கினு இருந்தா விரல்ல குத்திக்குவ, பாரு" என்றாள் பக்கத்தில் இருந்த காந்தா. சொல்லி முடிப்பதற்குள் குத்திக்கொண்டேன்.

எனக்கு அந்தக் கண்ணாடி அறை நாற்காலி வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதியாகிவிட்டது.

9 பிப்ரவரி

லக்ஷணா அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கூப்பிட்டார். "தினம் கண்ணாடி வழியா எட்டிப் பாக்கறியே, உள்ள வாயேன்டி. செருப்பை வெளில விடு."

மவுஸ் என் பேச்சைக் கேட்கவில்லை. அம்புக்குறி ஒரு மூலைக்கு ஓடிப் போய் ஒளிந்துகொண்டது. அக்கா சிரித்தார், ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை. "ஒரு கட்டம்னா ஒரு இழை. தெரியுமோல்லியோ?"

தெரியாமலா? நான்கு வருஷம் அப்பா பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவள் நான். அதைச் சொல்லியிருக்கலாம். "ம்" என்று மட்டும் வந்தது. என் வாய்க்கு என்னதான் வந்ததோ.

ஒரு மாங்காய்க்குள் நிறம் நிரப்பினேன். இரண்டு கட்டம் தப்பு. தறியில் இப்படித் தப்பு விழுந்தால் பிரித்து எடுப்பதற்குள் கண் பூத்துவிடும். இங்கே ஒரு கிளிக், போய்விட்டது. போயே விட்டது! வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

21 பிப்ரவரி

அக்கா சாப்பிடுகிற நேரம் இப்போது என்னுடையது. இன்று ஒரு யாளிக்கு நகம் போட்டேன்.

3 மார்ச், சனி

தறியில் ஏற்றப் பாவு நூல் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

அப்பாவுக்கு நெசவு தரும் முதலாளி பாவு தராமல் தறி சும்மா கிடந்ததால்தான் என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். வந்திருப்பது அரக்கு உடம்பு, பச்சைக் கரை. கோர்வை. அதாவது உடம்பையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைப்பது; உடம்புக்கு அப்பா நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளினால் கரைக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து தள்ள வேண்டும். முன்பு என் கூடப்பிறந்த அக்கா உட்கார்ந்தாள். அவள் கல்யாணமாகி தாமலுக்குப் போனதும் என்னை எட்டாவதோடு நிறுத்தி அதே பலகையில் உட்கார வைத்தார்கள். இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. இஷ்டமில்லை என்று நானும் சொல்லவில்லை.

"திங்கக்கிழமைலருந்து வரலன்னு ராஜவேலு கிட்ட சொல்லிடுமா" என்றாள் அம்மா, உப்பு வாங்கி வா என்பது போல.

"நான் வரல" என்றேன்.

அப்பா திரும்பினார். "எங்க வரல?"

"தறிக்கு."

"பின்ன கரை யாரு போடுவா? உங்க தாத்தா எழுந்து வருவாரா?"

"கோர்வை இல்லாத சேலையும் சேலைதான்பா. ஊர்ல எத்தினி பேரு நெய்றாங்க."

அம்மா ராட்டையை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அப்பா பேரைச் சொல்லி பஞ்சாட்சரம் வீட்டுக் கோர்வை என்றால் தெருவில் ஒரு பேர். நானா சொன்னேன் அதை? சொன்னது சொன்னதுதான். போக மாட்டேன். அந்தப் பலகைல இனி உக்கார மாட்டேன்னா மாட்டேன்.

8 மார்ச்

திங்களன்று அம்மா கரைக்கு உட்கார்ந்தாள். அவளுக்குத் தோள் போய் பல வருஷம் ஆகிறது. மத்தியானத்துக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. தோளை நீவிக்கொண்டே எழுந்து உலை வைக்கப் போனாள். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

நேற்று அப்பா பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே நிறத்துப் பாவு வாங்கி வந்தார். எங்கள் தெருவிலேயே தறி வைத்திருக்கும் முனிசாமி மாமா தெருமுனையில் கேட்டாராம், "இன்னா பஞ்சாட்சரம், கோர்வைய வுட்டுட்டியா?" "டிமாண்டு இல்லபா" என்றாராம் அப்பா.

பொய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சொன்ன பொய்யா, தன் மானத்துக்குச் சொன்ன பொய்யா? என்னோடு பேசுவதில்லை. சாதம் போட்டால் தட்டைப் பார்க்கிறார்.

அழுதேன். கடைக்கும் போனேன்.

19 மார்ச், திங்கள்

லக்ஷணா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு பெங்களூர். இந்த மாதத்தோடு நிற்கிறார்.

ராஜவேலு அண்ணன் போனில் யாரிடமோ, "டிப்ளமா முடிச்ச பையனா ஒருத்தன் இருந்தா சொல்லுபா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கையில் அட்டையோடு அவர் முன்னால் போய் நின்றேன். கால் தானாகப் போனது என்று எழுத ஆசை. இல்லை, நான்தான் நடந்தேன்.

"இன்னாமா?"

"எனக்குக் குடுங்கண்ணா."

"இன்னாத்த?"

"அந்த சேரு."

பின்கட்டில் குத்துகிற சத்தம் நின்றுவிட்டது. எல்லோருக்கும் காது இங்கே. அண்ணன் சிரித்தார். "எட்டாங்கிளாஸு படிச்ச புள்ளைய அங்க உக்கார வெச்சா பார்ட்டிங்க இன்னா நெனப்பாங்க?"

"ஒரு கரை போடறேன். நெய்ஞ்சு பாருங்க. நல்லா இல்லன்னா அட்டையே குத்தறேன்."

கண்ணாடிக் கதவு திறந்தது. "குடுத்துத்தான் பாருங்களேன் சார். போன வாரம் அந்த முந்தியைப் பிரமாதம்னேளே, அதுல பாதி இவ போட்டது" என்றார் லக்ஷணா அக்கா. அண்ணனுக்கு அது புதுச் செய்தி. கோபமா யோசனையா என்று தெரியவில்லை. "சரி. ருத்ராட்சக் கரை ஒண்ணு போடு" என்றார்.

இவ்வளவு பேச்சு நான் ஒரு வருஷத்தில் பேசியதில்லை.

2 ஏப்ரல்

நாசமாய்ப் போச்சு.

அக்கா போன பிறகு தனியாக உட்கார்ந்து போட்டேன். திரையில் ஒவ்வொரு ருத்ராட்சமும் உருண்டையாக, எடுத்துக் கோர்க்கலாம் போல இருந்தது. முனிசாமி மாமா தறியில் ஒரு ஜாண் நெய்து எடுத்து வந்தார். கடையில் வந்திருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் அதை மேஜையில் விரித்தார். "ருத்ராட்சம்னு சொன்னாங்கமா. எனக்கு இன்னாவோ கத்திரிக்கா மாதிரி தெரியுது. சாம்பார்ல போடலாமா?"

எல்லாம் நீட்டு நீட்டாக இருந்தது. ஒன்றுகூட உருண்டை இல்லை.

பார்த்த உடனே புரிந்துவிட்டது, அதுதான் அசிங்கம். நீளவாக்கில் ஓடும் பாவு இழை நெருக்கமாக இருக்கும், குறுக்கே ஓடும் ஊடை அவ்வளவு நெருக்கம் இல்லை. கட்டம் சதுரமாக இருந்தால் உரு நீண்டுதான் போகும். அதற்கு முதலிலேயே இழைக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். லக்ஷணா அக்கா காலையில் வந்ததும் அதைப் போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவார். நான் பார்த்ததெல்லாம் மத்தியானம். ஒரு டிசைனின் நடுவை மட்டும் பார்த்திருக்கிறேன், தொடக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தறியில் வளர்ந்தவளுக்கு இது தோன்ற வேண்டாமா? திரை பளபளவென்று இருந்தது, மயங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. அப்பா ஒரு மாதம் கழித்து என்னோடு பேசினார். "முடிஞ்சுதா? நாளைக்கு பாவு மாத்திக்கினு வரட்டுமா?"

"வேணாம்பா."

வேணாம் என்று மட்டும் வந்தது. போதும்.

3 ஏப்ரல்

தெருக் குழாயடி முழுக்க என்னைப் பார்த்து, "இன்னா குழலி, கத்திரிக்கா கிலோ என்னா வெல?" தலை குனிந்துகொண்டுதான் நடந்தேன். ஆனால் கடைப் பக்கமாகத்தான் நடந்தேன்.

"இன்னொண்ணு போடறேன்ணா."

ராஜவேலு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்குதுண்ணா. ஆனா போடறேன்."

"திரும்ப அட்டை யாரு குத்துவா?"

"ஞாயித்துக்கிழமைல நானே குத்தறேன்."

பின்கட்டிலிருந்து காந்தா, "நானும் வரேன்டி. வூட்ல இருந்தா துணி துவைக்கச் சொல்லுவாங்க" என்றாள். சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரித்துவிட்டார். மறுக்க மறந்தாரோ என்னவோ.

9 ஏப்ரல்

அக்காவின் பழைய டிசைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் மேலே ஒரு மூலையில் இரண்டு எண்கள். இங்கிலீஷ் படிக்கத் திணறுவேன், எண்ணுக்கு என்ன திணறல்? அம்மாவின் பழைய சேலையைக் கொண்டுபோய் இழை எண்ணிப் பார்த்தேன். பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று, அந்த எண்களேதான். இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

18 ஏப்ரல், புதன்

முனிசாமி மாமா துணியைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், திருப்பினார். கிண்டலுக்கு இடம் தேடுகிறார் என்று தெரிந்தது. கடைசியில், "சன்னமா கீதுபா. நாலு சேலைக்குப் போடலாம்" என்று வைத்துவிட்டுப் போனார்.

ராஜவேலு அண்ணன், "நாளைலருந்து உள்ள உக்காரு. ஆனா ஆறு மாசம் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்" என்றார். பாருங்கள். ஆறு மாசம் என்ன, நன்றாகப் பாருங்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா, "அந்த ரூம்ல குளிரும்னு சொல்றாங்களே, சால்வை எடுத்துக்கினு போ" என்றாள். அப்பா தறியை நிறுத்தவில்லை. ஒரே நிறத்துச் சேலை, ஒரே ஆள்.

11 நவம்பர் 2002, திங்கள்

இன்று காலை தென்னேரியிலிருந்து வந்த ஒருவருக்கு முந்தி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அப்பா. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கடைக்கு அவர் வருவது இதுதான் முதல்முறை.

கதவு லேசாகத் திறந்திருந்ததால் கேட்டது. "டிசைன் போடறவங்க இருக்காங்களா?" என்று காந்தாவைக் கேட்டார்.

"இன்னாபா, உங்க பொண்ணுதான!"

"தெரியும்மா. முதலாளி அனுப்பிக்கிறாரு, வேலையா வந்துக்கிறேன்."

எழுந்து ஓடத் தோன்றியது. எழவில்லை. "கொஞ்சம் உக்காருங்கபா. இவருக்கு முடிச்சுட்டு கூப்புடறேன்" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே வந்ததும் நான் இருந்த பக்கம் பார்க்காமல் திரையைப் பார்த்தார். முதலாளி அனுப்பிய புட்டாவில், சேலை உடம்பில் போடும் சின்ன உருவில், ஒரு அன்னம். வயிறு இன்னும் பெருசாக வேண்டுமாம்.

"அவ்ளோ பெருசானா சரிகை கட்டு இல்லாம தொங்கும்பா. வளையல்ல மாட்டி அறுந்துடும்."

"எனக்குத் தெரியாதா? முதலாளி கேக்கறாரு."

"முடியாதுன்னு சொல்லுங்க."

"நான் போயி சொல்றதா, அவர் கிட்ட?"

"டிசைன் போடறவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க."

அப்பா அன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிமா. அப்டியே சொல்லிடறேன்."

எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். வெளியே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.