பேக்கப் இருக்கு என்றேன்

ஏப்ரல் 2, 2025

லேப்டாப் திறக்க இன்று ஒன்பது நிமிடம். நோட்ஸ் ஆப் திறக்க இன்னும் நான்கு. எல்லாரும் குறிப்பெடுத்து முடித்துவிட்டார்கள், என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்ரீமதி வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அருளுது ஆன் ஆவறதுக்குள்ள பிச்சாவரம் போயி ஒரு போட்டிங் முடிச்சிட்டே வந்துடலாம்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன்?

பன்னிரண்டாவதில் அரசு கொடுத்தது. நாலு ஜிபி ரேம். அதற்கு மேல் அதனிடம் என்ன கேட்க முடியும்.

ஏப்ரல் 5

என் கட்டுரைக்காக இறால் உரிக்கும் பெண்களைப் பேட்டி எடுத்தேன், முப்பத்தொரு பேர் முடிந்தது. ஒருவரும் பதிவு செய்ய விடவில்லை. "போன எடுத்த, எழுந்து பூடுவோம்" என்றார்கள். அதனால் கேட்டுக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வருகிற ரயிலில் தட்டச்சு செய்தேன். எல்லாம் அந்த ஆப்பில்தான் இருக்கிறது.

முப்பத்தொன்றாவது ஆள் அம்மா. பெயரை மாற்றிவிட்டேன்.

கைடு இளவரசு சார் சொல்லிவிட்டார்: கருத்தரங்கில் யாருடைய கட்டுரை நன்றாக இருக்கிறதோ, அவருக்கு ஜூனில் தன் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை. ஒரே இடம். கிடைக்காவிட்டால் — அம்மா இப்போதே இறால் ஷெட் மேஸ்திரியிடம் எனக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். எம்.ஏ. படிக்கிறவள் என்பதையும் சேர்த்துப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 7

ஸ்ரீமதியிடம் ரேம் பற்றிக் கேட்டேன். மிக அன்பாகச் சொன்னாள். எட்டு ஜிபி போதுமாம். ஆப்பில் கணக்குத் தொடங்கியிருக்கிறாயா என்றாள். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சி, தொடங்காத. ஒரே நாள்ல உன் நெட்டு காலி."

பிறகு தன் பென்டிரைவைச் செருகி என் குறிப்புகளை எடுத்துக்கொண்டாள். "மாடலுக்குப் பாக்கறேன்டி, ஜாஸ்தி ஒண்ணும் இல்ல." சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 9

கீழவீதி லேப்டாப் கடை. ரேம் மட்டும் போட்டால் போதாதாம், உள்ளே இருக்கும் டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமாம். பழையதைக் கடைக்காரரே எடுத்துக்கொள்வாராம். "பேக்கப் இருக்குல்லம்மா?" என்றார். அது லேப்டாப்பின் எந்த இடத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பின்னால் இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள்.

"இருக்கு" என்றேன்.

ஏப்ரல் 12

மூச்சு விடுவதற்குள் திறக்கிறது. ஆப்பைத் தேடினேன், காணவில்லை. மறுபடி ஏற்றினேன். வெள்ளைத் திரை. 'உங்கள் முதல் குறிப்பை எழுதுங்கள்.'

கடைக்கு ஓடினேன். பழைய டிஸ்க்கை அழித்து வேறு யாருக்கோ போட்டுக் கொடுத்துவிட்டார். "இருக்குன்னு சொன்னியேம்மா? ஆப்புல கணக்காவது இருந்திருந்தா நெட்லேர்ந்து எடுத்திருக்கலாம். படிச்ச புள்ளதான நீ?"

ஏப்ரல் 14

ஸ்ரீமதியிடம் பிரதி கேட்டேன். "அய்யய்யோ, பென்டிரைவ அன்னிக்கே ஃபார்மட் பண்ணிட்டேனேடி." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கூடக் கலங்கியது.

ஏப்ரல் 16

மீன்பிடித் தடைக்காலம். ஷெட் மூடிவிட்டார்கள். பாதிப் பேர் கிள்ளைப் பக்கம் சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். நினைவிலிருந்து பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். எல்லாப் பெண்களும் என் குரலில் பேசுகிறார்கள்.

ஏப்ரல் 24

கருத்தரங்கு. எனக்கு ஆறு நிமிடம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்து ஸ்ரீமதி. வாசித்தாள்: "'காலையிலேர்ந்து ஐசுல கை வெச்சிருப்பனா, வூட்டுக்கு வந்து புள்ளயத் தொட்டா அது நெருப்பா சுடும். ஜொரம்னு பயந்து தூக்கினு ஓடுவேன். அப்புறந்தான் தெரியும், புள்ள நல்லாத்தான் இருக்கு, என் கைதான் செத்துப் போச்சின்னு.'"

பிறகு கைதட்டல். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தப் பிள்ளை நான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன்.

ஏப்ரல் 25

சார் அறைக்குப் போனேன். போய்விட்டேன், அது நானேதானா? "சார், அது என்னோட குறிப்பு." ஸ்ரீமதியை வரச் சொன்னார். அவளுடைய கோப்பில் தேதி, நேரம், முப்பத்தொரு பேர், எல்லாம் இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"அந்த ஐசு கை — அது எங்க அம்மா, சார்."

ஸ்ரீமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இவங்க அம்மா டெய்லரு. ரெண்டு வருஷமா அப்பிடித்தான் சொல்லிக்கிறா."

ஆமாம். சொன்னேன்தான். முதல் நாள் ஹாஸ்டல் வாசலில் எல்லாரும் அம்மா அப்பாவைப் பற்றிச் சொன்னபோது.

"அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. நீ பேசக் கூடாது" என்றார் சார்.

அம்மா எடுத்தாள். சார் தன் அதிகாரக் குரலில் கேட்டார். "எறா கம்பெனி வேலையப் பத்தி ஒரு பொண்ணு எழுதியிருக்கு. நீங்க சொன்னதுன்னு சொல்றாங்க. நீங்கதான் சொன்னீங்களா?"

"அய்யோ சார், நானா? நான் எதும் சொல்லல சார். யார் கேட்டும் வாயத் தொறக்கல. கம்பெனில எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல சார். நல்லா வெச்சிருக்காங்க."

"அம்மா—" என்றேன். சார் போனை அணைத்தார். "கம்பெனிலதான் இருக்காங்க. ஆனா எதுவும் சொல்லலன்னுட்டாங்களே" என்றார். என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஸ்ரீமதி தன் பேனாவைக் கொடுத்தாள்.

அதே நாள், வீட்டில்

வாசலிலேயே காத்திருந்தாள் அம்மா. "உன் போன வாங்கிக் கம்பெனி ஆளு எவனோ வேவு பாக்கறான்னு நெனச்சிட்டேன்டி. எங்க உன் படிப்பு கெட்டுடுமோன்னு உசுரே இல்ல. சரியாத்தான பேசினேன்?"

"சரியாப் பேசினம்மா."

சந்தோஷத்தில் எனக்கு இரண்டு துண்டு கருவாடு அதிகம் வைத்தாள்.

ஜூன் 19

ஷெட் திறந்து மூன்று நாள். அம்மாவுக்குப் பக்கத்து இடம் எனக்கு. நகக்கண்ணில் முள் ஏறியிருக்கிறது.

மதியம் ஸ்ரீமதி போனில் கூப்பிட்டாள். வேலையில் சேர்ந்துவிட்டாளாம். சார் மேலும் விவரம் கேட்கிறாராம், அந்தப் பெண்களை நேரில் பார்க்க நாளைக்கே வருகிறாராம். "அருளு, ப்ளீஸ்டி. உங்க அம்மாவ மட்டும் கொஞ்சம் பேசச் சொல்லு. இல்லன்னா என் வேல போயிடும்."

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். யாரு என்று சைகையில் கேட்டாள்.

"எங்க அம்மா டெய்லராச்சே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.