உங்கள் எடைக்கு நாலு இரும்புத் தட்டு

ஊரப்பாக்கம்
நவம்பர் 16, ஞாயிறு மதியம்

என் வீட்டுக்காரர் சுந்தர்சிங்குக்கு, செல்வமேரி எழுதிக்கொள்வது.

நீங்கள் சுகமாக இருப்பதாக லாசரஸ் அண்ணன் சொன்னார். முகம் தெளிந்திருக்கிறது, ரெண்டு சுற்று பெருத்தும் இருக்கிறீர்களாம். அந்த இல்லத்தில் போன் தர மாட்டார்கள் என்பதால் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் சிரிக்காமல் படியுங்கள்.

போன ஞாயிறு உங்களைப் பார்க்க வந்த லாசரஸ் அண்ணனிடம் நீங்கள் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. "வண்டி சேத்துல மாட்டிக்கினு கீதாம், அவளால ஓட்ட முடியாது, வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கினு போகச் சொல்லு" என்றீர்களாம். குடியை விட என்று தொண்ணூறு நாளைக்கு உங்களை அங்கே சேர்த்தோம். நேற்றோடு அறுபத்தொன்றுதான் ஆகியிருக்கிறது. மே மாதம் குடித்துவிட்டு டிராக்டரோடு ஏரிக் கால்வாயில் இறங்கி, தலையில் ஏழு தையலோடு படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து அழுதது மறந்துவிட்டதா? அதற்குள் டிராக்டர் மேல் அவ்வளவு அக்கறை பொத்துக்கொண்டு வந்துவிட்டதா?

வண்டி மாட்டியது உண்மைதான். மறைக்கவில்லை. மண்ணிவாக்கத்தில் கேசவன் சார் தோப்புக்கு எரு இழுக்கப் போனேன். மழை பெய்து மண் களியாகக் கிடந்தது. டிரெய்லரை மாட்டிக் கிளப்பினால் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது, சேற்றை வாரி என் முதுகில் அடிக்கிறது, வண்டி ஒரு முழம் நகரவில்லை. கேசவன் சார் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். "ப்ராக்டிகலா யோசிம்மா. சுந்தர் வந்தப்புறம் பாத்துக்கலாம், அதுவரைக்கும் வேற வண்டி அரேஞ்ச் பண்றேன்" என்றார். வேறு வண்டி ஒரு நாள் உள்ளே நுழைந்தால் அப்புறம் அந்தத் தோப்பு நமக்கு இல்லை. ஒரு வாரம் டைம் கொடுங்கள் சார் என்று கேட்டு வாங்கினேன்.

அதே வண்டி, அதே சேறு. போன மழைக்கு நீங்கள் ஓட்டியபோது மட்டும் எப்படிப் போனது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். குளிக்கும்போது சட்டென்று உறைத்தது. நீங்கள் தொண்ணூற்றெட்டு கிலோ, நான் நாற்பத்தாறு. சக்கரம் மண்ணைப் பிடிக்க மேலே ஒரு பாரம் வேண்டும். இத்தனை வருஷமும் வண்டியை இன்ஜின் மட்டும் இழுக்கவில்லை, உங்கள் தொப்பையும் சேர்ந்துதான் இழுத்திருக்கிறது.

முதலில் நானே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பி ரெண்டு மட்கார்டிலும் கயிற்றால் கட்டினேன். பத்தடி போனது. பிறகு கயிறு டயரில் உரசி அறுந்து, சாக்கு கிழிந்து, மணல் எல்லாம் வழியில் கொட்டியது. தோப்பில் தேங்காய் உரிக்கிறவர்கள், "இன்னாக்கா, ரோடு போட்டுகினு போறியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

மறுநாள் குரோம்பேட்டையில் கலீல் பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து எடைத் தட்டுகள் வந்து குவிந்திருந்தன. நடுவில் ஓட்டையோடு வட்டமாக இருந்ததைப் பார்த்ததும், சக்கரத்தில் வைத்து முடுக்கச் செய்தது போலத் தோன்றியது. "இன்னாம்மா, இந்த வயசுல பயில்வான் ஆவப் போறியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "எவ்ளோ வெயிட்டு கம்மியா கீது?" என்றார். எனக்கு என்ன கணக்கு தெரியும்? "எங்க வீட்டுக்காரர் அளவுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவரு எங்கம்மா?" என்றார். வெளியூர் வேலை என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருபது கிலோத் தட்டு, பக்கத்துக்கு ரெண்டாக நாலு எடுத்தேன். லேத் பட்டறையில் துளை போட்டு, நீளமான போல்ட் கொடுத்து, பின்சக்கரத்தில் முடுக்கிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை தோப்புக்குப் போய் லோடு ஏற்றிக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு தரம் முக்கியது. பிறகு மண்ணைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனது. அன்றைக்கு மட்டும் ஆறு நடை அடித்தேன். கேசவன் சார் வேறு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனவே வண்டியைக் காட்டி நீங்கள் வெளியே வர முடியாது.

இதை எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கியபோது, ஓடிப்போச்சு என்று கத்திச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. பிள்ளையில்லாத வீடு, உங்களுக்கே தெரியும். நீங்கள் போட்ட சண்டைச் சத்தமும் இல்லாமல் கிடக்கிறது. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுக்கிறேன். பெண்கள் பெட்டியில் யாராவது மாமியாரைத் திட்டிக்கொண்டோ, மீன் விலை பேசிக்கொண்டோ வருவார்கள். கேட்டுக்கொண்டே போய், அடுத்த ரயிலில் திரும்பி வந்து சமைக்கிறேன். வாரத்தில் நாலு நாள் இப்படித்தான். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு வேலை இருந்ததால் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். பொய். உங்களுக்குப் பிடித்த மஞ்சள் புடவையைக் கட்டி, மீன் குழம்பு வைத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். ரெண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதும் போன பிறகு லாசரஸ் அண்ணனைக் கூப்பிட்டுத் தூக்குச் சட்டியைக் கொடுத்து அனுப்பினேன். குழம்பு நன்றாக இருந்ததா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். காலையில் அவர்கள் சொல்லும் உடற்பயிற்சியைக் கேலி செய்யாமல் செய்யுங்கள். ஆண்டவர் மிச்சமிருக்கிற இந்த இருபத்தொன்பது நாளும் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கையெழுத்துப் போட வரச்சொல்லி இன்னொரு தரம் ஆள் அனுப்பாதீர்கள். அனுப்பினால் வந்து போட்டுவிடுவேன்.

ஜெபத்தோடு,
செல்வமேரி