அஞ்சலையின் விரல்

ஞாயிற்றுக்கிழமை.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். அக்கா மகள் கலைவாணி எங்கள் குப்பத்திலேயே முதல் ஆளாக பார்மசி படிப்பாள், அதைக் காலேஜிலும் சொல்லிக்கொடுப்பாள் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே சொன்னவன் நான். இன்று மெட்ராஸ் மருந்துக்கடைகளில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள்தான்.

ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்களின் மகள்கள் ஆறு பேரை பார்மசியில் சேர்க்க, ஞாயிறுதோறும் இங்கே வந்து பாடம் எடுத்தாள். இன்று ஒருத்தியும் வரவில்லை. ஒருத்தியின் அம்மா அஞ்சலைதான் வந்தாள், கையில் கட்டோடு. தண்ணீருக்குள் இறால் தடவும்போது கெளுத்தி மீன் முள் குத்திப் பழுத்து, நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு விரலையே எடுத்துவிட்டார்கள்.

"மஞ்சப்பத்து போட்டா போதும், ஆஸ்பத்திரி வாணாம்னு நீ சொன்னதா உங்க மாமா சொன்னாரு. இன்னாத்தம்மா படிச்ச நீ? எங்க பொண்ணுங்களுக்கு அந்தப் படிப்பே வாணாம்."

கலைவாணி என்னைப் பார்த்தாள். "நான் எப்ப மாமா சொன்னேன்?"

"போன்ல சொன்னியேம்மா, மறந்துட்டியா?" என்றேன். சுற்றிலும் ஊரே நின்றது.

அவள் கரும்பலகையைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். இனி வரமாட்டாள். அந்த ஆறு பெண்களும் நாளைக்கே இறால் பிடிக்க ஏரியில் இறங்கிவிடுவார்கள்.

உண்மையில் அவள் போன் செய்யவே இல்லை. மஞ்சள் பத்து என் வைத்தியம். என் பேரைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் அவள் பேரைச் சொன்னேன்.